கரையில் ஒன்று, பொட்டலில் ஒன்று: மதுரைப் பக்கம் பார்த்த இரண்டு ஆள்காட்டிகள்

ஆள்காட்டிப் பறவை என்றாலே நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பு மூக்கு ஆள்காட்டிதான். சமணநத்தம் கண்மாய்க் கரையில் கால் வைத்ததும் ஊரைக் கூட்டிவிடும். கறுத்த தொண்டை, கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல் மடல், நுனி கறுத்த சிவப்பு அலகு. ராத்திரியிலும் சத்தம் ஓயாது.

மஞ்சள் மூக்கு ஆள்காட்டியைப் பார்க்கத் தண்ணீரை விட்டுத் தள்ளி வர வேண்டும். பெருங்குடிப் பக்கம் ஆடு மேய்கிற தரிசில் ஒரு ஜோடியைச் சித்திரை வெயிலில் பார்த்தேன். உடம்பு அப்படியே மண் நிறம். தலையில் கறுப்புத் தொப்பி, அதை ஒட்டிக் கீழே வெள்ளைக் கோடு, அலகின் அடியிலிருந்து மஞ்சள் மடல். நாலு எட்டு ஓடும், நிற்கும், குனிந்து எதையோ கொத்தும், மறுபடி ஓடும். எனக்கு இதுதான் அழகு.

தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தபோதுதான் முட்டைகள் தெரிந்தன. சரளைக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவே லேசான பள்ளம், அதில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை, கூர்முனை உள்பக்கமாக. உச்சி வெயிலில் பறவை அதன் மேல் உட்காரவில்லை. இறக்கையைத் தளர்த்தி நின்று நிழல் கொடுத்தது. வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும் பழக்கம் இரண்டுக்குமே உண்டு.

அறிவியல் பெயரில் பேரினம் இரண்டுக்கும் வெனெல்லஸ்தான். சிவப்பு மூக்கு இண்டிகஸ், மஞ்சள் மூக்கு மலபாரிகஸ். இரண்டையும் 1783-இல் பெயரிட்டவர் போடார்ட் என்ற டச்சுக்காரர். இரண்டுக்கும் கால் மஞ்சள். அதனால் காலை வைத்து முடிவு செய்யாதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

மேலூரிலிருந்து ஒருவர்:
எங்களுக்குப் பெரியாறு பாசனம், அதனால் வயலெல்லாம் சிவப்பு மூக்குதான். போன கோடையில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், கொட்டிக் கிடந்த ஜல்லி மேல் ஒரு ஜோடி முட்டை வைத்தது. அந்த வீட்டு அம்மா துணி காயப்போடுவதையே நிறுத்திவிட்டார். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் நடக்க ஆரம்பித்துவிட்டன. தாய் கீழே நின்று கூப்பிட ஒவ்வொன்றாகக் குதித்தன. பிள்ளைகள் அதற்குள் வைக்கோல் பரப்பி வைத்திருந்தார்கள். மஞ்சள் மூக்கை அரிட்டாபட்டி போகும் வழியில், மேய்ச்சல் தரையில்தான் பார்த்திருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து இன்னொருவர்:
சிவப்பு மூக்கு வயல், மாடி என்று எங்கேயும் சமாளித்துக்கொள்கிறது. மஞ்சள் மூக்குக்குப் பொட்டலை விட்டால் போக்கிடம் கிடையாது. எங்கள் ஊர்த் தரிசில் பிளாட் கல் நட்ட பிறகு அது கண்ணில் படவே இல்லை. சும்மா கிடக்கிற நிலம் என்று யாராவது சொன்னால் மனசு வலிக்கிறது. இன்னொன்று, தயவுசெய்து கூட்டைச் சுற்றிக் கல் அடுக்கி அடையாளம் வைக்காதீர்கள். நாய்க்கும் காக்கைக்கும் நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆடு மேய்க்கிறவர்களிடம் இடத்தைச் சொல்லி வையுங்கள். கிடையை விலக்கி ஓட்டிப் போவார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் ஒரு கூடு தப்பியது.