ஆடம்பரக் காதல் ஜோடிகளுக்கான கேள்வித்தாள்: ஆலோசகர்கள் உதவ முடியுமா?

வணக்கம். வாரம் தவறாத ஹோட்டல் விருந்து, விலையுயர்ந்த பரிசு, ரிசார்ட், எல்லாவற்றுக்கும் போட்டோ. அறைக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு போன், பேச விஷயமே இல்லை. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ஒரு பயிற்சித்தாள் தயாரிக்கிறோம்.

சுகம் சீக்கிரம் பழகிவிடும் என்று உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பலும் 1971-லேயே எழுதிவிட்டார்கள். அதனால் அடுத்த பரிசு இன்னும் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், சண்டை வந்தால் மன்னிப்புக்குப் பதில் வாட்ச் வருவது. வாட்ச் கைக்கு ஏறிவிடும், சண்டையின் காரணம் அப்படியே கிடக்கும்.

இருவருக்குள் நெருக்கம் வளர்க்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழு 1997-ல் வெளியிட்ட 36 கேள்விகளிலிருந்து தொடங்கினோம். 12 வீதம் மூன்று சுற்று, சுற்றுக்கு 15 நிமிடம். அது முன்பின் தெரியாதவர்களுக்காக உருவானது. இந்த ஜோடிகளோ கேமரா முன்னால் பேசுவதுபோல் அழகாகச் சொல்லித் தப்பிவிடுவார்கள். ஆகவே ஒருவரைப் பற்றி மற்றவர் தனியாக எழுதும்படி மாற்றியிருக்கிறோம்: "போன வாரம் அவரை வாட்டிய கவலை எது?", "எதைச் சொல்ல உங்களிடம் தயங்குகிறார்?" பிறகு தாளை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். ஊகத்தில் எழுதியது அங்கே பிடிபட்டுவிடும்.

இடறுவது பணக் கேள்வியில். முதலில் வைத்தால் செலவு செய்பவர் "இவ்வளவு செய்தும் கணக்கா?" என்று முறுக்கிக்கொள்வார். கடைசியில் வைத்தால் அதற்குள் இருவரும் களைத்திருப்பார்கள்.

எந்த இடத்தில், என்ன வார்த்தைகளில் கேட்கலாம்? உங்களிடம் பலித்த கேள்வி இருந்தால் அப்படியே எழுதுங்கள். "பிரியச் சொல்லுங்கள்" வகை அறிவுரை மட்டும் வேண்டாம்.