பையன் வளர்ந்த கதை: உங்க வீட்டுல எப்படி?

பொன்மலை அம்மா

பொண்ணு வயசுக்கு வந்தா பச்சை ஓலையில குடிசை, தாய்மாமன் சீர், பந்தல், மைக் செட், தெருமுனையில ஃப்ளெக்ஸ். பையனுக்குக் குரல் உடைஞ்சா "என்னடா தகரத்தைத் தேய்க்கிற மாதிரி பேசுற"ன்னு ஒரு சிரிப்பு, அதோட சரி. எனக்கு ரெண்டும் பையனுங்க. மூத்தவன் பாலிடெக்னிக், சின்னவன் எட்டாவது. பொம்பளப் பிள்ளையை எப்படி வளர்க்கணும்னு சொல்ல ஊரே வரிசையில நிக்குது. ஆம்பளப் பிள்ளை வளர்த்தவங்க உங்க வீட்டுல நடந்ததை இங்க எழுதுங்களேன். அறிவுரை வேணாம், நடந்தது போதும்.

நான் முதல்ல. போன வருஷம் சின்னவன் விடியக்காலையில எழுந்து அவனே போர்வையை அலசிக் கொடியில போட ஆரம்பிச்சான். குடிச்ச டம்ளரைக்கூடக் கழுவாத பையன். எனக்குப் புரிஞ்சுது. அவங்கப்பாகிட்ட "நீங்க பேசுங்க"ன்னேன். "எனக்கு யாரு சொன்னா? தானா தெரிஞ்சுக்குவான்"னு ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பிட்டார். எங்கண்ணனுக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து பையனை வண்டியில முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போனார். "மாப்ள, இது எல்லா ஆம்பளைக்கும் வர்றதுதான். வியாதி இல்ல, ஒடம்புல ஒண்ணும் கொறையாது"ன்னு சொன்னாராம். அதுக்கு மேல என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லல, நானும் கேக்கல. பொண்ணுக்கு மட்டும்தான் தாய்மாமன் முறை செய்யணுமா என்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்

நல்ல கேள்வி அம்மா. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிக்கிறார்கள். ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில், சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைப் பையன் காலால் எத்த வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பாட்டில் அழகாகத்தான் இருக்கும், நானே ரசித்து நடத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டில் தங்கை அடுக்கிய கட்டைகளைப் பேரன் எத்தினான். மருமகள் "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்" என்றாள். நான் அவனை உட்காரவைத்துத் திருப்பி அடுக்கச் சொன்னேன். அடுக்கினான். மறுநாளும் எத்தினான், மறுநாளும் அடுக்கினான். இப்போது அவன் கோபுரம் அவளுடையதைவிட உயரம். அவள் வந்து எத்துகிறாள், அது வேறு பஞ்சாயத்து.

தவழ்வதற்கும் கைகொட்டுவதற்கும் தனித்தனிப் பருவம் வகுத்தவர்கள் தேர் உருட்டுவதோடு நிறுத்திவிட்டார்கள். பெண்ணுக்காவது உலா நூல்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தைப் பாடினார்கள். ஆணுக்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று பாட்டியல் என்னும் இலக்கண நூல்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை எடுத்து யாரும் அப்படி விரிவாகப் பாடி நான் படித்ததில்லை.

கிணத்துமேடு

எங்களுது நாமக்கல் பக்கம் தோட்டத்து வீடுங்க. பையன் அஞ்சாவதுலயே மோட்டார் ரூம் மேல ஏறிக் கிணத்துக்குள்ள குதிப்பான். லீவு விட்டா சொந்தக்காரப் பசங்க அத்தனை பேரும் எங்க கிணத்துலதான். எட்டாவது முழுப்பரிச்சை லீவுல இவன் மட்டும் எறங்கலைங்க. ஒரு நாள் சளிங்கறான், ஒரு நாள் காதுவலிங்கறான். சித்திரை வெயில்ல வீட்டுக்குள்ளயே பனியனுக்கு மேல சட்டை போட்டுட்டு உக்காந்திருக்கான். பசங்களோட ஏதோ சண்டைன்னு நெனச்சேன்.

சனிக்கெழம எண்ணெய் தேச்சுவிடறேன்னு எங்க அத்தை சட்டையைப் பிடிச்சு இழுக்கவும் அழுதுட்டான். மாரு ரெண்டும் லேசா வீங்கி, உள்ளுக்குள்ள பட்டன் கணக்கா ஒரு கட்டி. தொட்டா வலிக்குதுங்கறான். கெணத்தடியில பசங்க இவனுக்கு ஒரு பேரு வேற வெச்சிருக்கானுங்க, அதை இங்க எழுத மாட்டேன். அத்தை ஒடனே "பிராய்லர் கோழியாத் திங்கறான்ல, கோழிக்குப் போடற ஊசிதான் இப்படி"ன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கோழிப்பண்ணையில சூப்பர்வைசருங்க. அவரு "எந்தப் பண்ணையில ஊசி போடறாங்க, காட்டு"ன்னு அம்மாவோட மல்லுக்கு நிக்கறாரு. பையன் பாட்டுக்கு மூலையில அழுதுட்டு இருக்கான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் எங்களை வெளிய அனுப்பிட்டு அவன்கிட்டத் தனியாப் பேசுனாரு. இந்த வயசுல பாதிப் பசங்களுக்கு வரும், தானாப் போயிரும்னாரு. மருந்து மாத்திரை ஒண்ணும் எழுதல. சரின்னு வந்துட்டோம், ஆனா பையன் அப்பவும் கெணத்துப் பக்கம் போகல. அப்பறம் எங்க அண்ணன் பையன், காலேஜ் படிக்கறவன், வந்திருந்தான். அவன்தான் "எனக்கும் இருந்துச்சுடா, ப்ளஸ் ஒன் வரைக்கும் இருந்துச்சு"ன்னு சொன்னது. டாக்டர் சொன்னதுல போகாத வெக்கம் அதுல போச்சு. அந்த லீவு முழுக்க ரெண்டு பேரும் பனியனோடதான் குதிச்சாங்க.

நர்ஸ் அக்கா

நாமக்கல் அக்கா, உங்க டாக்டர் சொன்னது சரி. ஆண்பிள்ளைகளுக்கு 9 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள எப்ப வேணும்னாலும் மாற்றம் தொடங்கலாம். முதல்ல விதைப்பை பெருசாகும், அப்புறம்தான் உயரம், குரல், மீசை எல்லாம். பொம்பளப் பிள்ளைங்க திடீர்னு வளர்றதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பையன் வளருவான். ஏழாவது வகுப்பு போட்டோவுல பொண்ணுங்க எல்லாம் உயரமா நிக்கிறது இதனாலதான். "என் பையன் குள்ளமா நின்னுட்டான்"னு டானிக் வாங்க ஓட வேணாம்.

மார்பு வீக்கம் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால வர்றது. பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள வத்திடும். ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருந்தா, நீர் கசிஞ்சா, வேகமா பெருசானா, இல்ல வயசுக்கு வர்ற வேற அறிகுறியே இல்லாம சின்ன வயசுலயே வந்தா கட்டாயம் காட்டணும். கோழி மேல பழி போடாதீங்க. பிராய்லர் சீக்கிரம் வளர்றது இனத்தாலயும் தீவனத்தாலயும்தான்.

இன்னொண்ணு. ஸ்கூல்ல வாரா வாரம் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை "அது பொண்ணுங்க மாத்திரை"ன்னு பசங்க ஜன்னல் வழியா வீசுறானுங்க. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15-19 வயசுப் பையன்கள்ல 31 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முழுங்கச் சொல்லுங்க.

பழைய ஆள்

எல்லாத்தையும் பேசிப் பேசித்தான் பசங்களைக் கெடுக்கிறீங்க. எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நாங்க வளரலையா?

மதுரை மருந்துக்கடை

வளர்ந்தீங்க அண்ணே, நானும் வளர்ந்தேன். எப்படி வளர்ந்தோம்னுதான் கேள்வி. என் கடைக்கு ராத்திரி மூடுற நேரமா பார்த்துப் பசங்க வருவானுங்க. பொம்பளை ஆளுங்க எல்லாம் போற வரைக்கும் எதிர்ல டீக்கடையில நிப்பானுங்க. அப்புறம் வந்து "அண்ணே, ஒடம்பு வீக்கா இருக்கு, சத்து மாத்திரை"ம்பானுங்க. தோண்டிக் கேட்டா இதே போர்வை விஷயம்தான், தூக்கத்துல விந்து போறது. "விந்து விட்டான் நொந்து கெட்டான்"னு எவனோ சொல்லியிருப்பான். அடுத்தது, மாசத்துல ஒரு நாள் லாட்ஜுல ரூம் போட்டு உக்கார்ற வைத்தியர்கிட்ட லேகியத்துக்கு ஆயிரக்கணக்குல குடுத்துட்டு வந்திருப்பான். அந்த மாதிரி விளம்பரத்துக்கு 1954-லயே தடைச் சட்டம் வந்தாச்சு, நோட்டீஸ் மட்டும் பஸ் ஸ்டாண்டு செவத்துல இன்னும் இருக்கு. விந்து போறதால பலம் போகுதுங்கிற பயமே ஒரு நோயா நம்ம பசங்களைப் பிடிக்குதுன்னு 1960-ல விக்னு ஒரு இந்திய மனநல டாக்டர் எழுதி அதுக்கு ஒரு பேரும் வெச்சார். அப்பா வாயைத் திறந்தா லாட்ஜ்காரனுக்கு வியாபாரம் இல்ல. பொன்மலை அம்மா, உங்க அண்ணன் அந்த வேலையைத்தான் செஞ்சிருக்கார்.

கீழக்கரை உம்மா

எங்கள்ல பையனுக்கு விசேஷம் உண்டு. என் தம்பிக்குச் சுன்னத் கல்யாணம் வைக்கும்போது அவனுக்கு ஏழு வயசு இருக்கும். புது உடுப்பு, மாலை, ஊர்கோலம், சொந்தமெல்லாம் வந்து கையில காசு திணிச்சாங்க. வலியை மறந்துட்டான், காசை மறக்கல. என் மகனுக்குக் கைக்குழந்தையிலயே ஆஸ்பத்திரியில செஞ்சாச்சு. நல்லதுதான், நோவு தெரியாது. அவனுக்கு ஞாபகமும் கிடையாது.

அவன் வாப்பா துபாய்ல. மீசை அரும்புனதும் தோழன்மாரோட சேர்ந்து பிளேடு வாங்கிட்டு வந்துட்டான். நான் பதறிப்போய் வாட்ஸ்அப்ல கூப்பிட்டேன். மச்சான், அவன் வாப்பாதான், அங்க கண்ணாடி முன்னால நிக்கிறாங்க, இவன் இங்க நிக்கிறான், போனைச் சோப்பு டப்பாவுல சாத்தி வெச்சிருக்கு. "கீழ்நோக்கி இழு, அழுத்தாதே, தாடையைத் தூக்கு"ன்னு பாடம் நடக்குது. நெட் நிக்கும்போதெல்லாம் பாதி நுரையோட காத்திருந்தான். மாசம் முழுக்க "நல்லா படிக்கிறியா, தொழுறியா"ன்னு ரெண்டு வார்த்தையில முடியிற பேச்சு அன்னைக்குத்தான் நீளமா ஓடுச்சு.

தாமிரபரணிக்காரன்

திருநெல்வேலி மாவட்டம். ஊர்ப்பேரு வேண்டாம். மவன் ஒம்பதாவது போகும்போது கையில கலர் கயிறு கட்டிட்டு வந்தான். கேட்டா "கோயில் கயிறுப்பா"ங்கான். எந்தக் கலருக்கு எந்தச் சாதின்னு எங்க பக்கம் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பஸ் ஸ்டாப்புல பாத்தா பயலுவ கலர் பிரிச்சுல்லா நிக்கானுவ. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில, கூடப் படிச்ச பயலுவளே ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினானுவ, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் எனக்கு அந்தக் கயித்தைப் பாத்தாலே தூக்கம் வரல.

யாரு கட்டிவிட்டான்னு கேட்டேன். தெருவுல ஒரு அண்ணனாம். படிப்பு கிடையாது, பைக் உண்டு. சின்னப் பயலுவளுக்குப் புரோட்டா வாங்கிக் குடுப்பான், திருவிழாவுக்கு ஒரே கலர்ல பனியன் எடுத்துக் குடுப்பான். அவன் அப்பாகிட்டப் போய்ப் பேசுனேன். "நம்ம பயலுவ ஒத்துமையா இருக்கானுவ, அதுல ஒமக்கு என்ன வே வருத்தம்?"னு சிரிச்சாரு. அவரும் நானும் ஒரே தெரு, ஒரே ஆளுவதான்.

நான் வெட்டி எறின்னு சொல்லல. சொன்னா ஸ்கூல் பையில வச்சிட்டுப் போய் அங்க கட்டுவான். அந்த வருசம் கபடி டீம்ல சேந்தான். பக்கத்து ஊர் பி.டி. மாஸ்டர் ஒருத்தர் சாயங்காலம் பழக்குதாரு, எல்லாத் தெருப் பயலுவளும் உண்டு. களத்துல மோதிரம், கயிறு, காப்பு ஒண்ணும் ஆகாது, அடுத்தவன் விரல் மாட்டி ஒடிஞ்சிரும்னு முதல் நாளே அவுக்கச் சொல்லிட்டாரு. அவுத்தான். தெனமும் அவுத்துக் கட்ட சோம்பேறித்தனம், அப்படியே விட்டுட்டான். காரணம் கபடி, என் பேச்சு இல்ல. 2024 ஜூன்ல, பள்ளியில சாதிச் சண்டையைத் தடுக்க அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு அறிக்கையிலயும் பள்ளியில கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டு தடுக்கணும்னு சொன்னாவ. தடுத்தா நல்லதுதான். ஆனா புரோட்டா வாங்கிக் குடுக்குற அண்ணன் பள்ளிக்கூடத்துக்குள்ள இல்லையே, வெளியலா நிக்கான். இப்பவும் இவனைப் பாத்தா "என்னலே, கையைக் காலியா வச்சிருக்க?"ன்னு கேக்கானாம். மவன் என்ன சொல்லுதான்னு எனக்குத் தெரியாது. களத்துக்குத் தெனமும் போறான், அது தெரியும்.

ஈரோடு லாரி

நம்ம வீட்டுச் சண்டை பைக்குதாங்க. ப்ளஸ் டூ படிக்கறவனுக்கு வண்டி வேணுமாம். 2019 திருத்தச் சட்டத்தைக் காட்டுனேன். 18 ஆகாத பையன் வண்டியோட மாட்டுனா அப்பனுக்கு 25,000 அபராதம், மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, ஆர்.சி. ஒரு வருசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. "நீங்க ஜெயிலுக்குப் போனா லாரியை யாரு ஓட்டுவா"ன்னு அவங்கம்மா கேட்டா. அதோட கேஸ் முடிஞ்சுது. இப்ப அரசு கலைக் கல்லூரியில சேர்ந்துட்டான். அரசுப் பள்ளியில படிச்சதால தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூவா அவன் கணக்குலயே விழுது. புத்தகத்துக்குன்னு குடுக்கற காசு. லைசென்ஸ் எடுத்தாச்சு, என் பழைய வண்டிதான் ஓட்டறான், காசு பெட்ரோலா எரியுது.

சென்னை, வயது 24

நான் அப்பா இல்லை, மகன். படிச்சிட்டே வந்தேன், ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. பத்து வயசுல ஒரு சொந்தக்காரர் என்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டார். அம்மாகிட்ட சொன்னேன். "உனக்கு நல்லாத் தெரியுமா", "விளையாட்டுக்குச் செஞ்சிருப்பார்" மாதிரி ஒரு கேள்விகூட அவங்க கேட்கலை. அன்னிக்கு ராத்திரியே அந்த ஆளை வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. பாட்டி "ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிடப் போகுது, உறவைக் கெடுத்துக்காதே"ன்னு சொன்னது பக்கத்து ரூம்ல எனக்குக் கேட்டுது. 2007-ல மத்திய அரசு செஞ்ச ஆய்வுல, பாலியல் தொல்லைக்கு ஆளானதா சொன்ன குழந்தைகள்ல பாதிக்கு மேல பையன்கள். போக்சோ சட்டம் பையனுக்கும் சேர்த்துத்தான். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேணும்னாலும் கூப்பிடலாம். தொடற விஷயத்தைப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கும்போது பையனையும் பக்கத்துல உட்கார வைங்க, அவ்வளவுதான்.

கிணத்துமேடு

தம்பி, உங்க அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

தாம்பரம் மாமியார் (ஆகப் போறவள்)

என் பையனுக்கு 28. காலேஜ் வரைக்கும் தோசை திருப்பத் தெரியாது. பெங்களூர்ல நாலு பசங்களோட ரூம் எடுத்தப்புறம்தான் கத்துக்கிட்டான், நான் சொல்லிக் குடுத்து இல்ல. இப்போ பொண்ணு பார்க்கறோம். எங்க காலத்துல பொண்ணைப் பாடச் சொல்லுவாங்க. போன மாசம் போன வீட்டுல பொண்ணு நேரா இவனைப் பார்த்து "உங்களுக்கு என்னென்ன சமைக்கத் தெரியும்?"னு கேட்டா. என் வீட்டுக்காரருக்கு முகம் மாறிடுச்சு. இவன் அசராம "ரசம், முட்டைக் குழம்பு, சப்பாத்தி வட்டமா வராது"ன்னான். "எனக்கும் வராது"ன்னா அவ. ரெண்டு பேரும் இப்ப போன்ல பேசிட்டிருக்காங்க, நாள் குறிக்கலை.

பழைய ஆள்

அம்மா, நல்ல சம்பந்தம், விட்டுறாதீங்க. நர்ஸ் அக்கா, ஒரு சந்தேகம். என் பேரனுக்கு 13. குரல் மாறி ரொம்ப நாளாச்சு, இன்னும் கரகரன்னே இருக்கு. காட்டணுமா?

நர்ஸ் அக்கா

வேணாம் ஐயா. சில மாசம் இழுக்கும், ஒரு வருஷம்கூட ஆகலாம். கிண்டல் மட்டும் பண்ணாதீங்க. வேற ஏதாவது கேக்கணும்னா அரசு மருத்துவமனைகள்ல 10 முதல் 19 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு வளரிளம் பருவ ஆலோசனை உண்டு. எந்தக் கிழமைன்னு ஓ.பி. சீட்டு தர்ற இடத்துல விசாரிங்க. கூட்டிட்டுப் போய் வெளிய உக்காருங்க, உள்ள அவனே பேசிக்குவான்.