புதுப்பிப்பு: தங்கையின் சமூகவியல் படிப்பும் 4 லட்சம் கடனும்

போன மாதம் கேட்டிருந்தேன்: பாம்பனில் இருக்கும் எங்கள் வீட்டில், தங்கையின் எம்.ஏ. சமூகவியலுக்கு 4 லட்சம் கல்விக்கடன் வாங்கலாமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சரி, கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வட்டி 10 சதவீதம். வருடத்துக்கு 2 லட்சமாகக் கொடுப்பார்கள். படிக்கும் 2 வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகவே பார்த்தாலும் தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சம். 7 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,300 ரூபாய். அவளுடைய சீனியர் ஒருவருக்குத் தொண்டு நிறுவனத்தில் முதல் சம்பளம் 18,000. வெளியூர் வாடகை போக என்ன மிஞ்சும்?

அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லை. தவணைக்குத் தடைக்காலம் கிடையாதே.

"வேறு படிப்பு படிக்கட்டும்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள், அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்ய நினைக்கிறாள். அவளை அதிலிருந்து பிரிக்க மனசில்லை.

அதனால் பாடத்தை மாற்றவில்லை, இடத்தைத்தான் மாற்றினோம். மதுரையில் கட்டணம் குறைந்த இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கடன் தேவைப்பட்டாலும் ஒரு லட்சத்தைத் தாண்டாது. அப்புறம், படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை நான் கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.