தேனிலவுக்கு ஐரோப்பா: மீன் சாப்பாட்டுக்காக உயிரை விடும் சோடிக்கு எந்த ஊர் சரி?

உப்புவெளிக்காரன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஆவணிக் கடைசியில் எங்களுக்குக் கலியாணம், திருகோணமலையில்தான். விருந்து, வரவேற்பு எல்லாம் ஓய்ந்த பிறகு புரட்டாசியில் பத்துப் பன்னிரண்டு நாள் ஐரோப்பாப் பக்கம் போய்வர இரண்டு பேருமாகக் காசு சேர்த்து வருகிறோம். எந்த ஊர் என்பதுதான் இழுபறி. கொழும்பில் ஒரு பயண முகவரைக் கேட்டோம். பரிஸ், சுவிஸ், வெனிஸ், ரோம் நாலையும் ஒரே ஓட்டத்தில், பஸ்ஸில், இரவுச் சாப்பாடு இந்திய உணவகத்தில் என்று ஒரு திட்டம் தந்தார். பகலெல்லாம் பஸ்ஸில் இருந்துவிட்டு இரவில் பருப்பும் ரொட்டியும் சாப்பிட அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று நான் கட்டப்போகிறவ கேட்டா, எனக்கும் அதே எண்ணம்தான்.

எங்களைப் பழக வைத்ததே சாப்பாடுதான். ஞாயிறு காலையில் வலை இழுக்கிற கரைக்கே போய் மீன் வாங்குகிறவன் நான். அதைக் குழம்பு வைப்பதா பொரிப்பதா என்று நான் வீட்டுக்கு வந்துசேர முதலே முடிவு செய்துவிடுகிறவ அவ. ஆகவே நல்ல கடல் உணவு, நடந்து திரியக்கூடிய பழைய தெருக்கள், பின்னேரம் கடற்கரையில் சும்மா இருக்க ஓர் இடம், இவ்வளவும் ஒரே நாட்டில் கிடைத்தால் போதும். இரண்டு பேரும் மாட்டிறைச்சி தொடமாட்டோம், அவ புரட்டாசிச் சனிக்கு மச்சமும் சாப்பிடமாட்டா. பரிஸில் பெரியம்மா இருக்கிறா, தன்னிடம் வராமல் போகக் கூடாது என்கிறா. என்ன செய்யலாம்?

பரிஸ்வாசி:

தம்பி, முதலில் வாழ்த்துகள். அந்த பஸ் திட்டத்தை விட்டுவிடுங்கள். நாலு நாட்டில் நாலு ஹொட்டேலில் பெட்டியைத் திறந்து மூடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

பெரியம்மாவின் மனமும் நோகக் கூடாது, தேனிலவும் நடக்க வேண்டும் என்றால் பரிஸைக் கடைசி இரண்டு மூன்று நாளுக்கு வையுங்கள். முதலில் வைத்தால் பெரியம்மா வீட்டு விருந்து, அவ மகன் வீட்டு விருந்து, ஊர்க்காரர் வீட்டு விருந்து என்று ஆளுக்கு ஆள் இழுப்பார்கள், எல்லாம் பாசத்தில்தான், ஆனால் நீங்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு தேத்தண்ணி குடிக்கவும் நேரம் கிடைக்காது. இங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வந்தால் இடியப்பமும் கொத்துரொட்டியும் ஊரில் போலவே கிடைக்கும், அதற்காகத் தேனிலவு தேவையில்லை. பரிஸுக்கென்று சாப்பிட வேண்டியது காலையில் பேக்கரியில் சூடாக வரும் குரோசோனும், செப்டெம்பர் தொடங்கினால் நன்றாக வரும் சிப்பியும். அதற்கு இரண்டு நாள் போதும்.

ஒரு விஷயம் கவனம்: விசா விண்ணப்பத்தில் பெரியம்மா வீட்டில் தங்குவதாக எழுதினால் அவ இங்கே நகரசபையில் அதற்கான அத்தாட்சி எடுத்து அனுப்ப வேண்டும். ஹொட்டேலில் தங்கிவிட்டு, போய் வந்து சாப்பிடுவதே சுகம். லண்டனையும் இதோடு ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், அது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கு வெளியே, தனி விசா, தனிச் செலவு.

உவர்மலை அக்கா:

ஸ்பெயினில் சான் செபஸ்தியான் என்ற ஊரைப் பாருங்கள் தம்பி. நானும் இவரும் எங்கள் கலியாண நாளுக்குப் போனோம், இன்னும் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருக்கிறோம். லா கொஞ்சா என்ற வளைந்த குடா ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, குடாவின் வாயில் ஒரு சின்னத் தீவு, கரை நெடுக நடைபாதை. அதிலிருந்து கொஞ்சம் நடந்தால் பழைய நகரம், சந்து சந்தாகச் சின்னச் சின்ன மதுக்கடைகள். மது குடிக்காதவர்களும் போகலாம், அங்கே சாப்பாடுதான் முக்கியம். மேசையில் நீளத்துக்குச் சின்னத் தட்டுகள் அடுக்கியிருக்கும், பாண் துண்டுக்கு மேல் நண்டோ இறாலோ வைத்து ஒரு குச்சி குத்தியிருப்பார்கள். ஒரு கடையில் ஒன்றோ இரண்டோ நின்றபடியே சாப்பிட்டு, காசைக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்க வேண்டும், இரவுச் சாப்பாடே அப்படித்தான் முடிகிறது. புதுச்சோடிக்கு இதைவிட நல்ல நடை கிடையாது.

கில்தா என்று ஒன்றை முதல் கடையிலேயே கேளுங்கள்: ஒலிவ் காய், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பு நெத்தலி மூன்றையும் ஒரே குச்சியில் கோர்த்தது. ஒரே வாயில் போட வேண்டும், பிரித்துச் சாப்பிட்டால் அந்த உப்பும் புளிப்பும் காரமும் ஒன்றாகச் சேராது. மேசையில் அடுக்கியிருப்பதோடு நின்றுவிடாதீர்கள், சூடானவை கரும்பலகையில் எழுதியிருக்கும், கேட்ட பிறகுதான் சமைத்துத் தருவார்கள், நல்லதெல்லாம் அதில்தான். நண்டின் சதையை வெங்காயம், தக்காளியோடு வதக்கி ஓட்டுக்குள்ளேயே திரும்ப நிரப்பிச் சுடுவார்கள், சங்குர்ரோ என்று பெயர், அதை விடவே கூடாது. மேல்பக்கம் கருகச் சுட்ட சீஸ் கேக் பிறந்ததும் இந்த ஊரில்தான். பக்கத்தில் கெத்தாரியா என்று ஒரு மீன்பிடி ஊர், அங்கே முழு மீனைக் கரியடுப்பில் வாட்டித் தருவார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மாட்டிறைச்சியை விலக்குவது சுலபம், பன்றியும் சாப்பிடமாட்டீர்கள் என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மழை எப்போதும் வரலாம். செலவும் ஸ்பெயினின் மற்ற ஊர்களைவிடக் கூட.

பலெர்மோத் தமிழன்:

தம்பி, நான் திருக்கடலூர்க்காரன், இப்போது வேலை இத்தாலியின் சிசிலியில், பலெர்மோ நகரத்தில். அதனால் என் வாக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்தானே, ஆனாலும் நீங்கள் எழுதியதை வாசித்த யாரும் இங்கேதான் அனுப்புவார்கள். இத்தாலியில் சாப்பாடு என்றதும் எல்லோரும் பொலொஞா என்பார்கள். நல்ல ஊர். ஆனால் அந்த ஊரின் பெருமையே மாட்டையும் பன்றியையும் சேர்த்து மணிக்கணக்காக வேகவைக்கும் ராகூ என்ற குழம்புதான், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. சிசிலி ஒரு தீவு. மீன், கத்தரிக்காய், கடலை மா, எலுமிச்சை, பாதாம், இதுதான் இங்கத்தைச் சமையல்.

பலாரோச் சந்தைக்குக் காலை ஒன்பது மணிபோல் போங்கள், விற்பவர்கள் கூவுகிற கூவலிலேயே பசி வந்துவிடும். வாள்மீனின் தலையை வாள் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள், அதிலிருந்து வெட்டிய துண்டுகள் பக்கத்தில் ஐஸில். அங்கேயே பனெல்லே வாங்குங்கள்: கடலை மாவைத் தண்ணீரில் கிண்டி, தகடாகப் பரப்பி ஆறவிட்டு, வெட்டி எண்ணெயில் பொரித்து, சுடச்சுடப் பாணுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சனிக்கிழமைப் பிரச்சினை அதோடு முடிந்தது. கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரி, சீனி, ஒலிவ், கேப்பர் சேர்த்த கபொனாத்தாவும் மரக்கறிதான், கத்தரிக்காய் போட்ட பாஸ்தா அல்லா நோர்மாவும் மரக்கறிதான்.

ஆனால் நான் உங்களைக் கூப்பிடுவது முக்கியமாக மேற்குக் கரையில் திராப்பானி என்ற ஊருக்காக. அராபியர் 827இல் இந்தத் தீவில் இறங்கி, 831இல் பலெர்மோவைப் பிடித்து, இரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள், எதிரே துனிசியா, அதனால் அங்கே கூஸ்கூஸ் வீட்டுச் சாப்பாடு. ரவையில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரலால் உருட்டி, துளைபோட்ட மண்சட்டியில் ஆவியில் அவிப்பார்கள். கையை மட்டும் பார்த்தால் நம் அம்மா புட்டுக்கு மா குழைப்பது போலவே இருக்கும். அவித்ததை மீன்சாற்றில் நனைத்து, துணியால் போர்த்தி ஊறவிட்டு, பிறகு இன்னும் சாறு ஊற்றிச் சாப்பிடுவது. பல வகை மீன் சேர்ந்து கொதித்த சாறு அது, நம் வாய்க்கு முதல் கவளத்திலேயே பிடிக்கும். பக்கத்தில் சான் வீத்தோ லோ காப்போவில் செப்டெம்பர் மாதம் கூஸ்கூஸ் திருவிழாவே நடக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் தங்குங்கள். முதல் பாதி பலெர்மோ, திராப்பானிக்கும் அங்கிருந்தே போய்வாருங்கள், ரயிலில் ஒரு மணித்தியாலத்தில் செஃபலூ, நோர்மன் காலத்துத் தேவாலயத்துக்குக் கீழேயே மணற்கரை. இரண்டாம் பாதி கிழக்கில் சிரகூசாவின் ஓர்த்தீஜியா, பாலத்தால் கோர்த்த சின்னத் தீவு, இரவில் கடலோரமாக முழுத் தீவையும் சுற்றி நடந்துவிடலாம். போகிற வழியில் கத்தானியாவின் மீன்சந்தையையும் பாருங்கள், காலைச் சாப்பாட்டுக்கு பிரியோஷ் பாணும், கிரனித்தா என்ற பாதாம் ஐஸ்கூழும்.

ரோமில் இறங்கினால் பலெர்மோவுக்கு இரவு ரயில் இருக்கிறது. இரண்டு பேருக்கான படுக்கை அறை எடுக்கலாம். நிலம் முடிகிற இடத்தில் ரயில் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் ஏற்றி மெசீனா நீரிணையைக் கடப்பார்கள். விழித்திருந்து பாருங்கள்.

எச்சரிக்கை: அரன்சீனே என்ற சோற்று உருண்டை எங்கும் விற்கும், சாதாரணமாக உள்ளே மாட்டிறைச்சி, கேட்டு வாங்குங்கள். மியூசா பாண் மாட்டு மண்ணீரல், விடுங்கள். கனோலி என்ற இனிப்பின் ஓட்டில் பல இடங்களில் பன்றிக் கொழுப்புச் சேரும்.

சோறுதான் முக்கியம்:

போர்த்துக்கலை யாரும் சொல்லவில்லையே! பாஸ்தாவும் பாணும் நாலு நாளைக்குச் சரி, அதன் பிறகு சோறு தேடும். ஐரோப்பாவில் ஆளுக்கு அதிகம் சோறு சாப்பிடுவது போர்த்துக்கேயர்தான். இறாலும் மட்டியும் நண்டும் போட்டுக் குழைய வேகவைத்த கடலுணவுச் சோற்றைச் சட்டியோடு மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், இரண்டு பேருக்கு ஒரு சட்டி. லிஸ்பனில் பெலெம் பக்கம் 1837இலிருந்து முட்டைக் கிறீம் வைத்த சின்னப் பேஸ்ட்ரி சுடுகிற கடை இருக்கிறது, சூடாக, மேலே கறுவாத்தூள் தூவி. கறுவா நம் தீவுச் சரக்கு, அந்த வாசனையில் கொஞ்சம் ஊரும் இருக்கும்.

உப்புவெளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அவவும் பக்கத்தில் இருந்து வாசித்தா, புட்டு மாதிரிக் கூஸ்கூஸ் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா. சிசிலிதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது, பரிஸ் கடைசியில். சான் செபஸ்தியான் முதலாவது கலியாண நாளுக்கு, உவர்மலை அக்கா. இரண்டு கேள்வி. விசாவை எங்கே போடுவது, இத்தாலியா பிரான்ஸா? கடையில் மீன் விலை ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

கொழும்பிலிருந்து:

கூட நாள் எங்கே நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்கு, ஆகவே இத்தாலிக்கு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, முகவர் நிலையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்னிருந்தே போடலாம். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள் என்றாலும் 45 நாள் வரை இழுக்கலாம், கலியாண வேலையோடு சேர்த்துக் கடைசிக்கு விடாதீர்கள். கலியாணத்துக்கு முன்பே போடுவதால் இரண்டு பேரும் இப்போதுள்ள கடவுச்சீட்டுப் பெயரிலேயே போடுங்கள், டிக்கெட்டும் அதே பெயரில். கலியாணப் பதிவு முந்தி முடிந்தால் விவாகச் சான்றிதழை மொழிபெயர்ப்போடு சேர்க்கலாம்.

பலெர்மோத் தமிழன்:

மீன் விலைக்கு இதைக் கவனியுங்கள். முழு மீன் என்றால் பட்டியலில் போட்டிருப்பது பெரும்பாலும் 100 கிராமின் விலை, எத்தோ என்று எழுதியிருக்கும். 6 யூரோ என்று பார்த்து 800 கிராம் மீனைச் சொன்னால் பில் 48 வரும். ஆகவே சமைக்க முதல் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், நிறுத்து விலையையும் கேளுங்கள், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். கண்ணையும் செவுளையும் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்தது. கொப்பெர்த்தோ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் வரும், அது பாணுக்கும் மேசைக்கும் வழக்கமான காசு. இரவுச் சமையல் எட்டு மணிபோல்தான் தொடங்கும், ஆறு மணிக்குப் பசித்தால் பனெல்லே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பலெர்மோவில் நின்றால் சொல்லுங்கள். இங்கே நம் தமிழர் நிறையப் பேர், சைவம் கத்தோலிக்கம் பாராமல் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்கு ஏறுவார்கள், உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். விருந்துக்கு மட்டும் கூப்பிடமாட்டேன்.