சுமைதாங்கிக் கல்லை வைத்து ஓர் இருள்கதை: பேய் வந்ததும் துக்கம் காணாமல் போகிறது

கரிக்கோல்:
4000 சொல் சிறுகதை. பிள்ளைத்தாச்சியாக இறந்த அக்காவுக்கு ஊரில் சுமைதாங்கிக் கல் நட்டிருக்கிறார்கள். தங்கை விறகுச் சுமையை அதன்மேல் இறக்குகிறாள், கல்லில் அக்கா பெயரைப் பார்த்ததும் சுமையை விட்டுவிட்டு ஓடுகிறாள். அன்றிரவு அக்கா வாசலில் நிற்கிறாள். படித்தவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்: "அதுக்கப்புறம் சாதா பேய்க்கதைங்க." நடுவில், பிரசவ வார்டில் நடந்ததை 900 சொல்லில் முன்கதையாக வைத்திருக்கிறேன். எதை வெட்டலாம்?

மூன்றாம்சாமம்:
அக்காவை வெட்டுங்க. கல்லை விட்டுட்டு வேற எங்கேயோ பயத்தைத் தேடுறீங்க. நிறுத்தின இரண்டு கல், மேலே கிடத்தின ஒரு கல். ஆள் துணையில்லாம தலைச்சுமையை இறக்கவும் திரும்ப ஏத்தவும் தோதான உயரம். வயித்துச் சுமையோட போனவளுக்கு, வழிப்போக்கர் சுமை இறங்கும்போது அவ பாரமும் இறங்கும்ங்கிறது நம்பிக்கை. கதையோட விதி அதுக்குள்ளேயே இருக்கு: இங்கே இறக்கின எடையைத் திரும்பத் தூக்கிட்டுத்தான் போகணும். தங்கை தூக்கலை. அதனால எடை வீட்டுக்கு வருது.

பாதி நிறைஞ்ச குடத்தைத் தூக்க முடியலை. கயித்துக் கட்டில் நடுவில் தொய்யுது. பிறக்காத குழந்தைக்காகக் கட்டின தூளி, உள்ளே யாருமில்லாம ராத்திரிக்கு ஒரு விரற்கடை கீழே இறங்குது. வாசல்ல நிக்கிற உருவத்தைவிட இந்தத் தூளி மோசம்.

வரிசை முக்கியம். முதல் 700 சொல்லில் எதுவும் பிசகக் கூடாது. குடம் அப்புறம், அதுக்கு அசதின்னு ஒரு காரணம் சொல்லிக்கலாம். 1800 வாக்கில் கட்டில், அதுக்குக் காரணம் கிடையாது. தூளி 3000-க்கு மேல. குறிசொல்ற கோடாங்கியோ பூசாரியோ வந்து விதியை வாய்விட்டு விளக்கினா கதை அங்கேயே செத்துடும்.

வெண்கலப்பானை:
மேலே சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். அக்கா ஒருமுறை வரலாம், குரலாக மட்டும். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. முதல் பக்கத்தில் தங்கை பழக்கதோஷத்தில் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடட்டும். ஒரு கிழவி முறைத்தால் போதும். கடைசிப் பக்கத்தில் அதே சொல் தூளிப் பக்கமிருந்து வரட்டும்.

900 சொல் முன்கதை நிச்சயம் போகணும். அதிர்ச்சி பட்டவளுக்கு நடந்தது பெரும்பாலும் வரிசையாக, விளக்கத்தோடு நினைவுக்கு வராது. ஒரு வாசனை, ஒரு சத்தம், இப்போதே நடப்பதுபோல வந்து விழும். நினைப்பதைவிடத் தவிர்ப்பதுதான் அதிகம்: எவர்சில்வர் தட்டை அவள் கவிழ்த்தே வைப்பாள், ஏன் என்று கதை சொல்லாது. ஐம்பது ஐம்பது சொல்லில் நான்கு துண்டாக்குங்கள். மூன்று துண்டும் ஒரே இடத்தில் நிற்கட்டும். நான்காவது மட்டும் ஒரு வாக்கியம் தாண்டட்டும்.

தமிழில் எழுவாய் இல்லாமலே எழுதலாம், அது இங்கே கைகொடுக்கும். கதை இறந்தகாலத்தில் போகும்போது துண்டுகள் மட்டும் நிகழ்காலத்தில். "நர்ஸ் தட்டோடு வெளியே வந்ததை அவள் நினைத்துப் பார்த்தாள்" வேண்டாம். "பச்சைத் துணி. டெட்டால் வாசனை. தட்டை மூடியிருக்கிறார்கள்." அவ்வளவுதான்.

இன்னொன்று: "மனம் கனத்தது", "நெஞ்சில் பாரம்" எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். எடையே பேயாக வரும் கதையில் அந்தச் சொல்வழக்கு ஒருதரம் வந்தாலும் குடமும் கட்டிலும் வெறும் உருவகமாகிவிடும்.

ஈரமண்:
சடங்கில் கவனம். கருமாதி நாள் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும்; ஒரே ஊரைப் பிடித்துக்கொண்டு அதில் நில்லுங்கள். பிண்டத்தைத் தொடாத காக்கையை இனி யாரும் எழுத வேண்டாம், பாவம் அது. நடுகல்லும் சுமைதாங்கியும் ஒன்றல்ல, நடுகல் பெரும்பாலும் போரில் விழுந்த வீரனுக்கு.

ஒப்பாரி இறந்தவளை "நீ" என்றுதான் கூப்பிடும், கேள்வியாய்க் கேட்கும், அவள் விட்டுப்போனதை ஒவ்வொன்றாய் எண்ணும். பக்கத்திலேயே "எப்ப எடுக்கிறாங்க?" என்று ஒருத்தர் விசாரிப்பார்; அவர் பேச்சில் அவள் பெயர் அதற்குள் காணாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வையுங்கள். துக்கத்தை விளக்க வேறு பத்தி தேவைப்படாது.

கரிக்கோல்:
தூளியும் "வர்றேன்"-உம் எடுத்துக்கொண்டேன். முடிவில் தங்கை அந்த விறகுச் சுமையைத் திரும்பத் தூக்க வேண்டுமா?

மூன்றாம்சாமம்:
தூக்கப் போகட்டும், தனியா முடியக் கூடாது. கல்மேல இருக்கிறது விறகளவுதான், எடை வேற. வழியில போற ஒருத்தர்கிட்ட "கொஞ்சம் பிடிங்கண்ணே"ன்னு கேக்கட்டும். உதவி கேக்கிறாளா, அவர் தலையில கட்டுறாளான்னு நீங்க சொல்லாதீங்க. அவர் குனிஞ்சு கை வைக்கிற வாக்கியத்தோட நிறுத்துங்க. எவ்வளவு கனம்னு அவரும் சொல்லக் கூடாது.