பெரியப்பாவின் கடைசி நைட் ஷிஃப்ட்

அத்தை: அண்ணா இன்று காலையோடு ஓய்வு பெற்றுவிட்டார். எல்லோரும் வாழ்த்துங்கள்!

தம்பி: வாழ்த்துகள் பெரியப்பா! ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. விமானம் ஓட்டியவர் ஏன் ஸ்பேனரைக் கையில் எடுத்தீர்கள்?

பெரியப்பா: நன்றிப்பா. உள்காதில் கோளாறு, திடீர் திடீரென்று தலைசுற்றல். விமானிக்கு வேண்டிய உடல்தகுதிச் சான்றிதழான கிளாஸ் 1 மெடிக்கல் போய்விட்டால் லைசென்ஸ் இருந்தும் ஓட்ட முடியாது. விமானத்தை விட்டு விலக மனசு வரவில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸுக்கு முதலிலிருந்து படித்தேன், ஒருபக்கம் மாட்யூல் தேர்வுகள், இன்னொரு பக்கம் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் என்னைவிடச் சின்னப் பையன்களிடம் வேலை கற்றுக்கொள்வது. எஞ்சின், ஹைட்ராலிக்ஸ் எல்லாம் அடங்கிய பி1 வகை லைசென்ஸ் கிடைத்த பிறகும் ஒவ்வொரு விமான வகைக்கும் தனியாக டைப் ரேட்டிங் என்ற அனுமதி வாங்க வேண்டும்.

அக்கா: பைலட்டாக இருந்தது அங்கே உதவியதா?

பெரியப்பா: நிறையவே. விமானத்தின் கோளாறுகளைக் குறிக்கும் டெக் லாக்கில் கேப்டன் 'வைப்ரேஷன்' என்று ஒரே சொல் எழுதிவிட்டுப் போய்விடுவார். என்ன வேகம், இறக்கையின் ஃபிளாப் வெளியே இருந்ததா, எஞ்சின் பவரைக் குறைத்தபோது அதிர்வும் குறைந்ததா, இதையெல்லாம் கேட்டால்தான் கோளாறு எஞ்சினிலா அல்லது எங்காவது பேனல் தளர்ந்திருக்கிறதா என்று பிரிக்க முடியும். காக்பிட்டில் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கேள்விகள் தானாக வரும்.

தம்பி: இதில் எது கஷ்டம்?

பெரியப்பா: விடியற்காலை மூன்று மணிக்கு, 'பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போடுவது. ஏன் என்று கேட்டால் ஒரு சம்பவம் சொல்கிறேன். 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம், பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்கு. 17,000 அடி தாண்டியதும் காக்பிட்டில் கேப்டன் பக்க முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது, கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே! கேபின் ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார்.

அக்கா: ஐயோ, பிழைத்தாரா?

பெரியப்பா: பிழைத்தார், மறுபடி விமானமும் ஓட்டினார். அந்தக் கண்ணாடியை மாற்றியது 27 மணி நேரம் முன்பு, ஒரு இரவு ஷிஃப்டில். 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. பட்டியலில் பார்ட் நம்பர் பார்க்காமல், பழைய போல்ட்டோடு வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை. அந்த விபத்து விசாரணை அறிக்கையைப் படித்த பிறகு, எவ்வளவு அவசரமானாலும் பார்ட் நம்பரைப் பார்க்காமல் ஒரு வாஷர்கூட எடுக்க மாட்டேன். டூல் போர்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவம் வரைந்திருக்கும், ஒரு சாக்கெட் இடம் காலியாக இருந்தாலும், விமானத்துக்குள் விட்டிருக்கலாமே என்று, அது கிடைக்கும்வரை விமானம் நகராது. நான் முன்னே உட்கார்ந்திருந்தபோது முகம் தெரியாத ஒருவர் போட்ட கையெழுத்தை நம்பித்தான் கிளம்பினேன், அது மறக்காது.

அத்தை: அண்ணி எத்தனை நாள் சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது 😊

தம்பி: எனக்கு பைலட் ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பெரியப்பா: ஃபீஸ் கட்டும் முன் கிளாஸ் 1 மெடிக்கல் எடு. பலர் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம்தான் டாக்டரிடம் போகிறார்கள். அதில் தேறினால் பேசலாம்.

தம்பி: நான் கண்ணாடி போட்டிருக்கிறேனே?

பெரியப்பா: கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 பார்வை வந்தால் தடை இல்லை, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 வேண்டும். நிறம் பிரித்தறியும் சோதனையை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடு.