சாஃப்ட் லைனருக்குச் சீலர் பூசினால் மென்மை நிற்குமா, கெடுமா?

மேசை_ஓரம்:
கீழ்த்தாடை முழு பல்செட், உள்ளே ஈறு படும் பக்கம் அக்ரிலிக் சாஃப்ட் லைனர் (மெத்தென்ற உள்படலம்), 2 மி.மீ. கனம். அதன் மேல் சீலர் (காப்புப் பூச்சு) பூசினால் மெத்தென்பது நீடிக்கும் என்கிறார்கள். சீலரே கெட்டி ரெசின்தானே, அதுவே லைனரை விறைக்க வைக்காதா? சிலிக்கான் லைனருக்கும் இதையே பூசலாமா?

மெழுகுக்கத்தி:
அக்ரிலிக் லைனரை மெத்தென்று வைத்திருப்பது பிளாஸ்டிசைசர் என்னும் இளக்கும் பொருள். அது பாலிமரோடு வேதிப்பிணைப்பில் இல்லை. எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், உள்ளே தண்ணீர் ஏறும். டிஷ்யூ கண்டிஷனர் (புண்பட்ட ஈறு ஆறும்வரை போடும் தற்காலிக லைனர்) என்றால் எத்தனாலும் சேர்ந்து வெளியேறுவதால் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். சீலர் இந்தக் கசிவைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்; அடைத்துவிடாது. பூசிய அன்று ஷோர் ஏ எண் (மீட்டரின் ஊசியை அழுத்தி அளக்கும் கெட்டித்தன்மை) சற்றுக் கூடலாம், ஊசி முதலில் தொடுவது பூச்சைத்தானே. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாள் போகப் போக எண் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

பிரஷ்12:
கெடுப்பது பூச்சு அல்ல, பூசும் விதம். லைனர் முழுதும் செட் ஆகி, டிரிம் செய்து, கழுவி, ஈரம் போக உலர்த்திய பிறகே தொடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் தோல் மாதிரி உரிந்து வரும். மோனோமர் (ரெசினின் திரவ மூலப்பொருள்) உள்ள சீலரில் பிரஷை ஒரே இழுப்பாக இழுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் மோனோமர் லைனரைக் கரைத்து, மேல்பரப்பு கொழகொழத்துப் பிரஷ் தடம் அப்படியே நின்றுவிடும். மெல்லிய கோட் இரண்டு போதும். பள்ளத்தில் தேங்கவிட்டால் அங்கே தகடு மாதிரி இறுகும். கடிக்கும்போது லைனர் அமுங்கும், தகடு அமுங்காது, விரிசல் விடும். அந்த விரிசல்தான் கேண்டிடா பூஞ்சைக்கு வீடு. லைனரும் செட்டின் கெட்டி பேஸும் சேரும் ஓரத்தைத் தாண்டிச் சற்று மூடிவிடுங்கள், உரிதல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ஷோர்_ஏ:
சிலிக்கானுக்கு வேண்டாம். அதன் மென்மை பிளாஸ்டிசைசரை நம்பி இல்லை. அக்ரிலிக் சீலர் அதில் ஒட்டவும் ஒட்டாது. டிரிம் செய்த சொரசொரப்பை மூட கிட்டோடு வரும் சிலிக்கான் சீலரையே பூசுங்கள். கலந்த உடனே பூசிவிட வேண்டும், கிண்ணத்திலேயே இழுபட ஆரம்பித்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று, செட்டின் மேலேயே மீட்டரை அழுத்தாதீர்கள். 2 மி.மீ.க்கு அடியில் உள்ள கெட்டி பேஸும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். தனியாக 6 மி.மீ. வில்லை வார்த்து, பூசியது, பூசாதது இரண்டையும் ஒரே வெப்பநிலைத் தண்ணீரில் போட்டு அளந்து பாருங்கள்.

மேசை_ஓரம்:
நன்றி. பூச்சு தேய்ந்தது எப்படித் தெரியும்?

பிரஷ்12:
உலர்த்திவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்புக்கு நடுவே மங்கலாகத் திட்டு தெரிந்தால் அங்கே பூச்சு போய்விட்டது. கெட்டி பிரஷும் கொதிநீரும்தான் வழக்கமான காரணம்.